ஜம்ஹுரியின் மாடிக்குக் குடிவராதவர்கள்

செருப்பைக் கழற்றும்போதே ஜம்ஹுரி தன் குரலையும் கழற்றிப் படிக்கட்டில் வைத்துவிடுவார். ஆற்றில் இருக்கும்வரை அவர் பேசுவது அக்கரைக்கும் கேட்கும். படகு இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதற்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டுக்குள் கால் வைத்ததும் வெறும் காற்றுதான் வரும். "மஸ்தூரா... சோறு..." என்று உதட்டை அசைப்பார்.

"என்ன வேணும்னு வாயைத் திறந்து கேளுங்க, ரஹ்மி அப்பா," என்பாள் மனைவி அடுப்படியிலிருந்து.

உடனே விரலை உதட்டின்மேல் வைத்துக் கண்ணால் மேலே காட்டுவார்.

மேலே யாரும் இல்லை. இனிமேல்தான் வரவேண்டும்.

தஞ்சுங் ராம்பையில் எல்லா வீடுகளும் ஆற்றோரமாக மரக்கால்களின்மேல் நிற்பவை. ஜம்ஹுரியின் வீடு மட்டும் பலகையும் தகரமும் அடித்த இரண்டு மாடிகளைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறது. அந்த மாடிகளுக்குச் சன்னல் கிடையாது. ஆற்றைப் பார்த்தபடி உச்சியில் ஓர் ஓட்டை மட்டும் உண்டு. உழவாரன் குருவிகள் அதன் வழியே நுழைந்து, இருட்டில், உத்தரத்தில், தங்கள் எச்சிலால் கூடு கட்டவேண்டும். அந்த எச்சிலைச் சூப்பு வைத்துக் குடிக்க நகரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டுவிட்டுத்தான் ஜம்ஹுரி தன் இரண்டு படகுகளில் புதியதை விற்று மாடி எழுப்பினார். கையில் காசு சேர்ந்தால் ஊரில் மற்றவர்கள் ரப்பர் தோட்டம் வாங்குவார்கள், மகளுக்கு வளையல் செய்வார்கள். ஜம்ஹுரி குருவியை நம்பினார். மூன்று வருடத்தில் மாடியை வந்து பார்த்தவை சில வௌவால்களும், ஓர் ஆந்தையும், பக்கத்து வீட்டுப் பூனையும்தான். ஆந்தைக்கு இடம் பிடித்துப்போய்விட்டது. அதைக் கிளப்ப ஒரு வாரமாயிற்று.

குடிவரப்போகிறவர்களுக்கு எந்தக் குறையும் வந்துவிடக்கூடாது. மஸ்தூரா மீனை உப்பும் வறுத்த அரிசிப்பொடியும் போட்டுப் பானையில் ஊறவைத்தால் நாலு வீட்டுக்கு நாக்கு ஊறும். அந்த வாடைக்குக் குருவி மிரளும் என்று பானை வீட்டைவிட்டே வெளியேற்றப்பட்டது. இப்போது அது ஹம்சானியின் மிதக்கும் தேநீர்க்கடைக்குப் பின்னால் கட்டித் தொங்குகிறது. அதேசமயம் ஜம்ஹுரி வெளியூர்க் குருவி வீடுகளிலிருந்து எச்சத்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, வாளியில் கரைத்து, மாடிச் சுவர் முழுக்கப் பூசுகிறார். பழகிய வாசனை இருந்தால்தான் புதுக் குருவி நம்பி நுழையுமாம். பூசிவிட்டு இறங்குகிற நாளில், ஆற்றில் முழுகி எழுந்து, திரும்பவும் முழுகி எழுந்த பிறகுதான் அவருக்குச் சோறு.

"மீன் நாறுதாம், இது மணக்குதாம்," என்று தட்டைத் தள்ளிவிட்டு மஸ்தூரா எழுந்து போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்தால் அவர் மிச்சமிருக்கும் பழைய படகை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார். எந்த ஊரில் குருவி வீடு எழும்பினாலும் அந்த ஊருக்கு அன்றைக்கு இலவசச் சவாரி. ஏறுகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறவேண்டும். சுக்கானைப் பிடித்திருக்கும் மனிதர் கழுத்தை நிமிர்த்தி, கரையில் போகும் உச்சி ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு வருவார். "அண்ணே, ஆறு கீழே இருக்கு!" என்று யாராவது அலறும்போதுதான் எதிரே மிதக்கிற மரக்கட்டை அவர் கண்ணில் படும்.

அப்படிப் போன ஒரு பயணத்தில்தான் அந்த ஒலிப்பதிவு கிடைத்தது. குருவியை அழைக்கக் குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓடவிடவேண்டும். கடையில் விற்கும் சத்தம் ஜம்ஹுரிக்குப் பிடிக்கவில்லை. "அது பட்டணத்துக் குருவி, நம்ம பக்கத்துப் பேச்சு அதுக்கு வராது," என்று ஒதுக்கிவிட்டார். முவாரா லந்தி என்ற ஊரில் ஒருவர் வீட்டில் குருவி மொய்க்கும். அந்த வீட்டுச் சுவரோரம் படகைக் கட்டி, இயந்திரம் பழுது என்று சொல்லிக்கொண்டு, கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்தார். அருமையான கீச்சொலி. நடுவில் அந்த வீட்டுக்காரி தன் புருஷனைத் திட்டுவதும் சேர்ந்து பதிவாகியிருந்தது.

"கஸ்புல்! சோறு ஆறிப்போச்சு! வந்து தின்னப்போறியா, பூனைக்குப் போடட்டுமா?"

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, சுற்றிச் சுற்றி, இது ஊரின் தலைமேல் ஒலிக்கிறது. துணி துவைக்கிற பெண்கள் "வர்றேன்டி, கத்தாதே!" என்று பதில் கொடுத்துவிட்டுத் துவைக்கிறார்கள். தஞ்சுங் ராம்பையிலும் ஒரு கஸ்புல் இருக்கிறார். தச்சர். கல்யாணமாகவில்லை. ஆரம்பத்தில் கோபப்பட்டவர், இப்போது அந்தக் குரல் கேட்டால் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு ஹம்சானியின் கடைக்குச் சாப்பிடப் போய்விடுகிறார். "யாரா இருந்தா என்ன? பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. எனக்கு வேற யாரு இருக்கா?" என்கிறார்.

"குரலை வெட்டி எறிஞ்சிட்டுக் குருவியை மட்டும் வைக்கக்கூடாதா அண்ணே?" என்று ஹம்சானி ஒருநாள் கேட்டான்.

"உனக்கு என்னடா தெரியும்? அந்தக் குருவிங்க முட்டையிலேருந்தே இந்தத் திட்டைக் கேட்டு வளர்ந்ததுங்க. பொம்பளை திட்டுற சத்தம் கேட்டாத்தான் அதுங்களுக்கு இது வீடுன்னு தெரியும். இல்லேன்னா ஏதோ கிடங்குன்னு நினைச்சுப் போயிடும்."

"அப்ப என் கடைக்கூரையில இந்நேரம் நூறு கூடு கட்டியிருக்கணுமே!" என்றான் ஹம்சானி. கடைக்குள்ளிருந்து அவன் மனைவி கரண்டியால் படகின் பக்கத்தைத் தட்டினாள்.

மஸ்தூரா கெடு வைத்தது மகள் ரஹ்மிக்கு மாப்பிள்ளை அமைந்த பிறகு. பெருநாள் கழிந்து கல்யாணம். மாப்பிள்ளை இங்கேயே வந்து தங்கப்போகிறவர். நோன்பு பிறப்பதற்குள் ஒரு குருவியாவது உள்ளே வந்து உட்காரவேண்டும். இல்லாவிட்டால் மாடிக்குச் சன்னல், கட்டில், திரைச்சீலை. சன்னல் வைத்த மாடிக்கு எந்தக் குருவியும் வராது என்பது ஜம்ஹுரிக்குத் தெரியும். விற்ற படகும் திரும்பி வராது.

நோன்புக்கு முந்தைய நாள் மாலை கஸ்புல் ரம்பத்தைக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வேலை. ரம்பத்தைப் பார்த்ததிலிருந்து ஜம்ஹுரி சாப்பிடவில்லை. மேலே ஒலிபெருக்கி மட்டும் சோறு ஆறிப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"முதல்ல அவ வாயை அடைங்க," என்றாள் மஸ்தூரா. "நாளைக்குச் சன்னல் வைக்கிறது வைக்கிறதுதான். அதுவரைக்கும்கூட எவளோ ஒருத்தி என் தலைக்கு மேல நின்னு கத்தவேண்டாம். திட்டுதான் வேணும்னா, இந்த வீட்டுல நான் இல்லையா?"

ஜம்ஹுரி நிமிர்ந்தார். இது அவருக்கு இதுவரை தோன்றவே இல்லை.

ஒலிபெருக்கியை நிறுத்தியதும் ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. கணவனும் மனைவியும் ஏணியில் ஏறி மாடிக்குள் போனார்கள். உச்சி ஓட்டையில் மட்டும் அந்தி வெளிச்சம். ஜம்ஹுரி கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்: "ம், ஆரம்பி."

"என்னன்னு?"

"வழக்கமாத் திட்டுறதுதான்."

"சும்மா நிக்கிற மனுஷனை எப்படித் திட்டுறது? ஏதாவது தப்பு செய்ங்க."

"செஞ்சதுல ஒண்ணை எடுத்துக்கோயேன்."

அவ்வளவுதான்.

"எதை எடுக்க? புதுப் படகை வித்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட கிசுகிசுன்னு பேசினீங்க. மாப்பிள்ளையோட அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'உங்க வீட்டுக்காரருக்குத் தொண்டையில ஏதாவது கோளாறா?'ன்னு கேட்கிறாங்க! என் மீன் பானை எவன் கடையிலயோ தொங்குது! ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சிரிப்பீங்களே, அந்தச் சிரிப்பு எங்கே போச்சு? என்னைக் கட்டிக்கிட்டீங்களா, குருவியைக் கட்டிக்கிட்டீங்களா?"

கீழே யாரோ விசிலடித்தார்கள்.

ஓட்டையிலிருந்த வெளிச்சம் ஒரு கணம் மறைந்து திரும்பியது. கறுப்பாக ஏதோ ஒன்று இருட்டுக்குள் வட்டமடித்து, மஸ்தூராவின் தலைக்கு நேர் மேலே உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது. வௌவால் இல்லை. நீண்ட இறக்கைகளைக் கத்தரிக்கோல் போல் மடித்துக்கொண்டு, சின்னத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

மஸ்தூரா அதைப் பார்க்கவில்லை. மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள். மாடி அமைதியானது. மேலே இறக்கை லேசாக விரிந்தது.

பழக்கத்தில் ஜம்ஹுரியின் விரல் உதட்டை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. கண்ணை உத்தரத்திலிருந்து எடுக்காமலே அந்தக் கையை மெல்லத் திருப்பி, துறைக்குள் பின்னோக்கி வரும் படகுக்கு வழிகாட்டுவதைப்போல, 'வா, இன்னும் வா, நிறுத்தாதே' என்று மனைவியை நோக்கி அசைக்கத் தொடங்கினார்.