ஹார்ட் டிஸ்க்குக்குச் சந்தனப் பொட்டு

ஹார்ட் டிஸ்க் மூச்சு விடும் என்றும், அதன் மூக்கில் சந்தனத்தை அப்பி நானே அதைத் திணறடித்துக் கொன்றுவிட்டேன் என்றும், ஒரு சரஸ்வதி பூஜை மத்தியானம் மூன்று மணியிலிருந்து மறுநாள் காலை ஏழு மணி வரை மனப்பூர்வமாக நம்பினேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பதினெட்டு வருஷ சர்வீஸ். மூடநம்பிக்கைக்கும் எனக்கும் காத தூரம் என்று டிபன் வேளையில் சக ஊழியர்களுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த காலம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் எங்கள் ஜாகை. கம்ப்யூட்டர் வாங்கியது என் மனைவிக்காக. அவள் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஐந்து வருஷமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கணக்குக் குறியீடுகள் தலைகால் மாறாமல் அச்சாக வேண்டுமானால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுங்கள் என்று அவளுடைய டிபார்ட்மென்ட்டில் சொல்லிவிட்டார்கள். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை போராடி நான்தான் அதை ஏற்றினேன்.

ஏறிய அன்று ஒரு காரியம் செய்தேன். கம்ப்யூட்டர் விழித்தெழும்போது திரையில் சரசரவென்று ஓடும் வரிகளை, பக்கம் பக்கமாக நிறுத்தி, ஒரு எண்பது பக்க நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு முழுக்க எழுதிவைத்தேன். அர்த்தம் புரிந்தல்ல, பயத்தில். நன்றாக இருந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி வேண்டுமே.

"என்னன்னா இது, ஸ்ரீராமஜெயம் எழுதறாப்பல?" என்று அவள் கேட்டாள்.

வீட்டில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. ஆய்வேட்டை எழுதுவது அவள். வாராவாரம் அதை ஃப்ளாப்பியில் பிரதி எடுத்து வைப்பது நான். இந்தப் பொறுப்பை நான் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டேன் என்றால், ஒரே நாளில் உட்கார்ந்து மார்கழி வரைக்கும் தேதி போட்டு லேபிள்கள் ஒட்டிவிட்டேன். பிரதி எடுப்பதுதான் ஆடி மாசத்தோடு நின்றுபோயிற்று.

ஆய்வேட்டின் முதல் மூன்று அத்தியாயங்கள் அடையாறில் இருந்த அவளுடைய பேராசிரியரிடம் போய்விட்டன. நான்கும் ஐந்தும் ஆடிக்குப் பிறகு நேராகக் கம்ப்யூட்டரிலேயே அடித்தவை. முக்கியமான தேற்றம் அதில்தான். விஜயதசமி காலை பத்தரைக்கு அந்த இரண்டையும் அச்சடித்துக் கையில் கொண்டு வந்து கொடுக்கும்படி பேராசிரியர் சொல்லியிருந்தார். மறுநாள் அவருக்கு வெளிநாட்டுப் பயணம். திரும்பி வர ஆறு மாசம்.

இனி ஆயுத பூஜைச் சுத்தம். எங்கள் வீட்டில் அது என் இலாகா. சைக்கிள், ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மிஷின், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, வேகம் அடங்காமல் கம்ப்யூட்டர் பெட்டியையும் திறந்தேன். உள்ளே ஒரு வருஷத்துத் தூசி. பட்டைப் பட்டையாக இருந்த கேபிள்களைப் பிடுங்கினேன். ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்துப் பழைய பனியனால் வெள்ளிக் குத்துவிளக்கைத் துடைப்பதுபோல் துடைத்தேன். இந்த வீட்டில் உண்மையான ஆயுதம் இதுதானே என்று தோன்றவே, அதன் நெற்றியில் தாராளமாகச் சந்தனம் வைத்து மேலே குங்குமமும் இட்டேன். எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி மூடியை வைத்தேன். ஸ்க்ரூ மட்டும் போடவில்லை, ஏனென்றால் அதற்குள் அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கிப் பூஜையில் வைத்துவிட்டாள். என்னுடைய நோட்டும் அங்கே போயிற்று. புத்தக அடுக்கில் கீழிருந்து நான்காவது.

பூஜை முடிந்தால் மறுநாள் புனர் பூஜை வரை புத்தகத்தையும் ஆயுதத்தையும் தொடக்கூடாது. சின்ன வயதில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அது. மத்தியானம் அவள் ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டு வீட்டுக் கொலுவுக்குக் கிளம்பினாள். சுண்டலோடு வருகிறேன் என்றாள். வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் எனக்குக் கை அரித்தது. இவ்வளவு துடைத்திருக்கிறோமே, ஃபேன் சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? போட்டேன்.

சத்தம் குறைந்துதான் இருந்தது. வரிகள் ஓடின. ஓடி, சட்டென்று நின்றன. கடைசி வரியில், லினக்ஸின் மூளையான கர்னல் பதறிவிட்டது என்ற பொருளில் ஏதோ ஆங்கிலம். அதற்கு மேல் அசைவே இல்லை. கர்னலைப் பாராட்ட வேண்டும். பதறியதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கௌரவமாக நின்றுகொண்டது. நான் பதினாறு மணி நேரம் பதறினேன்.

மூன்று தடவை அணைத்துப் போட்டேன். அதே வரி. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில், நான் பொட்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வாக்கியம்: இந்தத் துளையை மூடாதீர்கள்.

எந்தத் துளை? சந்தனத்துக்குக் கீழே இருந்தது.

ஊக்கால் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் உள்ளே போய்விடுமோ என்று பயந்து நிறுத்தினேன். வாயால் ஊதினேன். எச்சில் பட்டுவிடுமோ என்று அதையும் நிறுத்தினேன். பிறகு யோசிக்கவே இல்லை. பெட்டியை, அதன் தலையில் இருந்த கதம்பத்தோடு தூக்கிக்கொண்டு, வாழைக்கன்று கட்டிய ஆட்டோ ஒன்றில் தி.நகருக்குப் பறந்தேன். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். ஒவ்வொன்றிலும் ஆட்டோ வளைந்தபோது பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டேன்.

எங்கள் கம்ப்யூட்டரை அடுக்கிக் கொடுத்தவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தார். பூஜை முடித்துவிட்டு வாசலில் நின்று பொரி கொறித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பொட்டிக்கு பூ வெச்சு கூட்டினு வந்துகீறீங்க? பொண்ணு பாக்கவா?"

"ஓடலைப்பா. கொஞ்சம் பாரேன்."

"இன்னிக்கா? ஸ்க்ரூ டிரைவர் பூஜைல கீது சார். அத்த எடுத்தா ஊட்ல எனக்கு சோறு கெடையாது."

"ஸ்க்ரூவே போடலை. தூக்கினா வந்துடும்."

பொரிக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரு விரலால் மூடியை நெம்பிப் பார்த்தார். பார்த்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "டிஸ்க்குக்குப் பொட்டு வெச்ச மொத ஆளு நீதான் நைனா!"

என் பதினெட்டு வருஷ சர்வீஸ் 'சார்' அந்த இடத்தில் காலமாயிற்று.

"மூச்சு விடற ஓட்டையை அடைச்சுட்டேன் போலிருக்கு."

"அத்த வுடு. உள்ள இன்னா சிஸ்டம் போட்டுகீற?"

"லினக்ஸ்."

"அய்ய, அது நமக்கு ஆவாது. நாளிக்கு எடுத்துனு வா. ஃபார்மட் அடிச்சு வேற போட்டு குட்த்துடறேன். புது மாப்ள மாதிரி ஆயிடும்."

"உள்ளே இருக்கறதெல்லாம்?"

"மொத்தமா பூடும். இன்னா கீது உள்ள?"

"என் ஒய்ஃபோட அஞ்சு வருஷம்."

வாய்க்குப் போன பொரி பாதி வழியில் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரல் மாறியது. "ஃபார்மட் வாணாம் சார். நேரா ஊட்டுக்குப் போ. மொதல்ல அவங்க கால்ல வுழு." ஒரு பொட்டலம் பொரியை என் சட்டைப் பையில் திணித்து ஆட்டோ ஏற்றிவிட்டார். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே நிலைமை. ரிப்பேர் செய்யத் தெரிந்த அத்தனை பேருடைய ஸ்க்ரூ டிரைவரும் விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவள் எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள். மேஜை காலியாக இருந்தது. வாசலில் பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"ஏன்னா, நல்ல நாளும் அதுவுமா கம்ப்யூட்டரை வாக்கிங் அழைச்சிண்டு போனேளா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், துளை, மூச்சு, பொரி. அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பேக்கப் இருக்கோல்லியோ?"

தைரியமாக ஃப்ளாப்பிப் பெட்டியை நீட்டினேன். லேபிள்களைப் பார்த்தாவது மனசு ஆறட்டும் என்று. கைக்கு வந்ததை எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது அடுத்த மாசத் தேதின்னா."

கத்தியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். கணக்கு வராத குழந்தையிடம் பேசும் குரலில் கேட்டாள்.

"ஸ்கிரீன்ல என்ன போட்டிருந்தது?"

"இங்கிலீஷ்ல ஏதோ."

"ஏதோன்னா?"

"பயந்துண்டிருந்தேன். படிக்க நேரமில்லை."

"நன்னா இருந்தப்போ என்ன போட்டிருந்ததுன்னு எழுதி வெச்சேளே, அந்த நோட்டு எங்கே?"

இருவரும் ஒரே சமயத்தில் பூஜை அலமாரிப் பக்கம் திரும்பினோம். கீழிருந்து நான்காவது.

"ஆபத்துக்குப் பாவமில்லை..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரு தடவை தொட்டு நீங்க பண்ணினதே போறும். கார்த்தால பாத்துக்கலாம்" என்று எழுந்து போய்விட்டாள். சுண்டல் பொட்டலத்தை அன்றைக்கு யாரும் பிரிக்கவில்லை.

காலை ஆறரைக்குப் புனர் பூஜை. கற்பூரம் காட்டி, புத்தக அடுக்கை வடக்குப் பக்கமாக நகர்த்தியாயிற்று. விஜயதசமியன்று ஆளுக்கொரு புத்தகம் எடுத்து நாலு வரியாவது படிக்க வேண்டும். நான் வழக்கமாக ரயில்வே கால அட்டவணை படிப்பேன். அந்த வருஷம் என் நோட்டை எடுத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். வரிகள் ஓடி, பதறி, நின்றன.

"படியுங்கோ. ஒரு வரி விடாம."

சகஸ்ரநாமம் மாதிரி படித்தேன். மெமரி இவ்வளவு. "சரி" என்றாள். கீபோர்டு. "சரி." ஃப்ளாப்பி. "சரி." அவளுடைய விரல் திரையில் வரிவரியாக இறங்கியது.

"ஹெச்டிஏ, ஹார்ட் டிஸ்க்."

"இல்லை."

மணையிலிருந்து எழுந்துவிட்டேன். "என்ன இல்லை?"

"ஹெச்டிஏன்னு சிடி டிரைவைப் போட்டிருக்கு. மேலே படியுங்கோ."

"ஹெச்டிசி, சிடி டிரைவ்."

"இங்கே ஹெச்டிசிதான் ஹார்ட் டிஸ்க். சைஸ் கூட அதேதான்." சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, அது சாகலை! தன் பேரைச் சொல்லிண்டு சமத்தா உக்காந்திருக்கு. வேற எடத்துல உக்காந்திருக்கு, அவ்ளோதான்!"

நம்ம ஊரில் கதவு எண் மாற்றிய தெருக்களில் தபால்காரர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். கர்னலும் அதைத்தான் பட்டிருக்கிறது. ஹெச்டிஏ என்ற பழைய நம்பரில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. அங்கே குடியிருந்தது காலி சிடி டிரைவ். உடனே பதறிவிட்டது.

நோட்டின் பின்பக்கத்தில் எப்போதோ ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் எழும் தறுவாயில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டிருந்தால் அது நின்று கேட்கும். எந்த டிஸ்க்கில் தேட வேண்டும் என்று அப்போது சொல்லலாம். அணைத்துப் போட்டேன். நின்றது. புது நம்பரான ஹெச்டிசியை அடித்தேன். 'சி' என்ற ஒரு எழுத்தை அடிக்க என் விரலுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

வரிகள் ஓடின. நேற்று நின்ற இடம் வந்தது. தாண்டியது! இன்னும் கொஞ்சம் ஓடி, வேறெங்கோ பழைய நம்பர் எழுதியிருந்ததைப் பார்த்து முனகிவிட்டு, பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். கோப்புகளின் பட்டியலைக் காட்டச் சொன்னேன். வந்தது. அத்தியாயம் நான்கு. அத்தியாயம் ஐந்து.

நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு மாமா பாதி ஷேவிங்கோடு மாடிப்படி ஏறிவிட்டார். அவரைக் கட்டிக்கொண்டேன். சோப்பு நுரை என் தோளில். அவளோ கத்தவில்லை, குதிக்கவில்லை. திரையில் 'ஐந்து' என்ற இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு அடுத்த மாசத் தேதி போட்ட ஃப்ளாப்பியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல இதுல."

எடுத்தேன். தேதிக்கு ஒரு மாசம் முன்னதாகவே பேக்கப் எடுத்த ஒரே மனிதன் இந்த ஊரில் நான்தான்.

அதன் பிறகு எங்கள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இரண்டே முக்கால் மணி நேரம் கரகரவென்று அலறியது. உலகத்தில் அதைவிட இனிமையான நாதஸ்வரம் நான் கேட்டதில்லை. நாற்பத்தோரு பக்கம். ஸ்கூட்டரின் பின்னால் அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார, அடையாறு பாலத்தில் பஸ் ஒன்றை முந்தினேன். அதற்கு முன்னும் சரி பின்னும் சரி, நான் பஸ்ஸை முந்தியதில்லை. பேராசிரியர் வீட்டு மணியை அடித்தபோது பத்து இருபத்தைந்து. அவர் தேற்றத்தை நின்றபடியே படித்தார், தலையை ஆட்டினார், உள்ளே கூப்பிட்டு எனக்கும் சேர்த்து காபி கொடுத்தார். அடுத்த வருஷம் அவள் டாக்டர் ஆனாள்.

தி.நகர்க்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொட்டு வெச்சதாலதான் சார் பொழச்சுது" என்று அடித்துச் சொன்னார். அந்தத் துளையில் பாதிச் சந்தனத்தோடுதான் அந்த டிஸ்க் இன்னும் நாலு வருஷம் ஓடியது.

அச்சடிக்க ஆரம்பிப்பதற்கு முன், பெட்டியை அணைத்து மூடியைத் தூக்கிப் பார்த்திருந்தேன். போர்டில் ஒரே மாதிரி இரண்டு சாக்கெட், பக்கத்தில் பக்கத்தில். துடைத்துவிட்டுத் திரும்பப் பொருத்தியபோது, இரண்டு கேபிளையும் நான் இடம் மாற்றிச் செருகியிருந்தேன்.