அப்பா பெயருக்கு நேரே ஒரு கோடு

ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்ததில் அவளுக்கு மிஞ்சியவை ஓயாத தும்மலும் ஒரு பட்டப்பெயரும். எல்லோரும் தூசியக்கா என்றார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. பழைய கோப்பு வேண்டுமென்றால் பெரிய டாக்டரும் அந்தத் தூசிக்குள் வந்துதான் நிற்க வேண்டியிருந்தது.

ஐம்பத்து நாலாம் வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வம்சாவளி ஆய்வாளர் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டாள். எழுத்துத் தேர்வு கிடையாது. ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறையை எடுத்து, யார் யாருக்குப் பிறந்தார் என்பதை ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் தரும் சங்கத்தின் தேர்வாளர்கள் மூன்று பேர். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும்.

தன் குடும்பத்தையே எடுத்தாள். அண்ணன் வீட்டு ஹாலில் வம்சப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்ததால் பாதி வேலை முடிந்த மாதிரிதான் நினைத்தாள். அதை வரைந்தவர் சங்கத்தின் மூத்த தேர்வாளர். வம்ச வாத்தியார் என்று பெயரெடுத்தவர். உச்சியில் சொந்தக் கப்பல் வைத்து வியாபாரம் செய்த கொள்ளுத்தாத்தா. அவருக்குக் கீழே தாத்தா, அப்பா, அண்ணன். அவள் ஓரத்தில், பொடி எழுத்தில்.

துறைமுகப் புத்தகங்களை எட்டு மாதம் புரட்டினாள். அப்படி ஒரு கப்பல்காரர் எங்கேயும் இல்லை. வாத்தியாரிடமே போய்க் கேட்டாள்.

"உங்க அண்ணன் சொன்னாரு, நான் எழுதினேன்" என்றார் அவர்.

அவள் கையில் நம்பும்படி இருந்தது தாத்தாவின் ரயில்வே பணிப் பதிவேடு ஒன்றுதான். அதில் பிறந்த தேதிக்கு ஆதாரமாக 'அம்மை குத்திய சீட்டு' என்றும் பக்கத்தில் ஓர் எண்ணும் எழுதியிருந்தது. சீட்டில் எண் இருந்தால் அதற்கொரு பதிவேடு இருந்தாக வேண்டும். நகராட்சி சுகாதார அலுவலகத்துக்குப் போனாள்.

"அதெல்லாம் எப்பவோ அழிச்சாச்சும்மா" என்றார் அங்கிருந்த குமாஸ்தா.

"சரி. அழிச்ச உத்தரவைக் காட்டுங்க, போயிடறேன்."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். உத்தரவு இல்லை என்றால் பதிவேடு இருக்கிறது என்று அர்த்தம், அல்லது யாரோ பதில் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். இரண்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் நாலு மனு எழுதினாள். ஐந்தாவதை எழுதிக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கிடங்குச் சாவி வந்தது.

கொசு மருந்து பீப்பாய்களுக்குப் பின்னால் நூற்றுப் பன்னிரண்டு தொகுதிகள் கிடந்தன. எந்த வம்சாவளிக்காரரும் தொட்டதில்லை. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்கு அம்மை குத்தியவர்கள், குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர், முகவரி எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். பதினொன்றாம் நாள் தாத்தாவின் எண் கிடைத்தது. வயது ஒன்பது மாதம். அப்பா பெயருக்கு நேரே ஒரு கோடு. அம்மா பெயர் தெளிவாக இருந்தது. முகவரி: பெண்கள் சிறை.

அங்கிருந்து சிறை ஆவணங்களுக்குப் போக ஆறு வாரம் பிடித்தது. கொள்ளுப்பாட்டி நூல் ஆலைத் தொழிலாளி. குற்றம், மேஸ்திரியின் கையை இரும்புக் கம்பியால் அடித்து முறித்தது. தண்டனை பதினெட்டு மாதம். வரும்போதே கர்ப்பிணி. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் ஆறு மாதம் குறைப்பதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டாள்.

படித்தபோது தூசியக்காவுக்கு வெட்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெற்று வளர்த்தவளைத் துடைத்துவிட்டு, இல்லாத ஒருவனைக் கப்பலோடு உச்சியில் உட்கார வைத்திருக்கிறார்களே.

அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "சர்டிபிகேட்தானே வேணும்? வேற யாரு வீட்டுக் கதையையாவது எழுதிக் கொடேன்" என்றார் அவர்.

விதிப்படி அது செல்லும். அதற்கு நாலு மாதம் கூடப் பிடிக்காது.

"இல்லாத ஆளை நீங்க சுவத்துல மாட்டியிருக்கீங்க. இருந்தவங்களை நான் எழுதக் கூடாதாண்ணா?"

"எழுதினேன்னா இந்த வீட்டுப் படி ஏறாதே."

"சரி" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாள்.

தேர்வு நாளன்று வம்ச வாத்தியார்தான் நடுவில் உட்கார்ந்திருந்தார். "ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர் காட்டி வேலையில சேர்ந்திருக்கலாமே?"

"சேர்ந்திருக்கலாம் ஐயா. அதனாலதான் சிறைப் பதிவேட்டையும் தேடினேன். அதுலயும் குழந்தை பிறந்த தேதி அதேதான், அம்மா பேரும் அதேதான். குழந்தைக்கு இடது காதுக்குக் கீழே மச்சம்னும் இருக்கு, ரயில்வே பதிவேட்டுல தாத்தாவோட அங்க அடையாளமும் அதே மச்சம்தான். மூணு ஆபீஸ், மூணு கையெழுத்து. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதலை."

"அப்போ நான் வரைஞ்ச படம் தப்புங்கறீங்க."

"ஆமாங்க ஐயா."

மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வாத்தியார் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

அடுத்த மாதம் சங்கம் வெளியிட்ட ஆதாரப் பட்டியலில் புதிதாக ஒரு வரி இருந்தது: அம்மை குத்திய பதிவேடுகள், நூற்றுப் பன்னிரண்டு தொகுதிகள். கண்டெடுத்தவர் என்ற இடம் காலியாக விடப்பட்டிருந்தது. தூசியக்கா அதில் தன் முழுப் பெயரை மையால் எழுதி, மறு தபாலில் திருப்பி அனுப்பினாள். மறு பதிப்பில் அச்சாகி வந்தது.

அண்ணன் இன்னும் பேசவில்லை, படமும் இறங்கவில்லை. அப்பாவின் தங்கையிடம் மட்டும் இதைச் சொல்லக் கூடாது, தாங்கமாட்டாள் என்று அவர் எல்லோரையும் எச்சரித்து வைத்திருந்தார். தூசியக்கா நேரே அத்தை வீட்டுக்குத்தான் போனாள். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டாள்.

"மேஸ்திரி கையை எதுக்கு உடைச்சாங்களாம்?"

"அது பதிவேட்டுல இல்ல அத்தை. ஆலைக் காகிதம் எங்கேயாவது கிடக்கும்."

"தேடு" என்றாள் அத்தை. "அவன் என்ன பண்ணினான்னு எனக்குத் தெரியணும்."