அடுப்பருகே தூங்கிய துப்பாக்கி

வெர்லின் ஸ்டோக்கி என் அக்காள் ஆர்டிஸின் கணவன். அதற்கு முன்பே என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஆகவே அவன் இவன் என்றுதான் எனக்கு வரும். சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். எங்கள் பிக் ஹோல் பள்ளத்தாக்கில் அவனைப் போல ஒரு கஞ்சன் கிடையாது. கையுறை கிழிந்தால் டேப் ஒட்டிப் போட்டுக்கொள்வான். ஆர்டிஸுக்குக் குளிர்கோட்டு வாங்கியதே பழைய துணிக் கடையில்தான். நல்ல அடுப்பு ஒன்று வேண்டுமென்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த வருடம் அவளுக்கு மூஸ் மான் சுட அனுமதி கிடைத்தது. கல்யாணமான நாளிலிருந்து ஆண்டுதோறும் அரசாங்கத்தின் அனுமதிக் குலுக்கலுக்கு எழுதிப் போடுவாள், இல்லை என்றே பதில் வரும். கிடைத்தபோது அவளுடைய நுரையீரல் பாதி போயிருந்தது. இன்னொரு வேட்டைக்காலம் அவளுக்கு இல்லை. மூவருக்கும் அது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெர்லினின் பழைய துப்பாக்கியை இனி அவளால் தூக்க முடியாது. புதிதாக ஒன்று வாங்கப் போனோம். கடைக்காரன் லாய்டு இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒன்றில் தோளோடு அணைக்கும் கட்டை கறுப்புப் பிளாஸ்டிக். மற்றதில் அது வால்நட் மரம், கண்ணாடி போல மெருகேற்றியது.

"நூறு கஜத்துல ரெண்டும் ஒரே இடத்துலதான் போய் விழும்," என்றான் லாய்டு. "விலை மூணு மடங்கு ஏறுறது மரத்துக்கும் மெருகுக்கும்தான்."

ஆர்டிஸ் கறுப்பை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். "லேசா இருக்கு. சேத்துல விழுந்தாலும் கவலையில்ல. எனக்கு இது போதும்."

"போதாது," என்றான் வெர்லின்.

"உனக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டேன். "காப்பித்தூளையே ரெண்டு தடவ கொதிக்க வைக்கிற ஆளாச்சே நீ."

"நீ சும்மா இரு நோரீன். என் பொண்டாட்டிக்கு வாங்குறேன், உனக்கா வாங்குறேன்?"

வால்நட்டையே வாங்கினான். எனக்குக் கோபம் வந்தாலும், அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இத்தனை வருடக் கஞ்சத்தனத்தை ஒரே பொருளில் தீர்த்துவிடப் பார்த்தான்.

அக்டோபர் முழுவதும் ஆர்டிஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நவம்பர் கடைசியில், வேட்டைக்காலம் முடிவதற்கு முந்தைய நாள்தான் வேட்டைக் குடிசைக்குப் போக முடிந்தது. குளிர் எலும்பைத் துளைத்தது. எங்கள் பக்கத்தில் குளிரில் அலைந்த துப்பாக்கியைத் தோட்டாவை உருவிவிட்டு வெளியேதான் விடுவோம். உள்ளே கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும். மறுநாள் குளிரில் அந்த ஈரம் உள்ளேயே உறைந்து, தோட்டாவைக் குத்தும் ஊசி நகராது. குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஒருமுறை நான் மறந்து உள்ளே கொண்டுவந்ததற்கு வெர்லின் கத்திய கத்தலில் கூரைப் பனி சரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அதே வெர்லின் புதுத் துப்பாக்கியை உள்ளே கொண்டுவந்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, கம்பளியில் சுற்றி அடுப்பருகே படுக்க வைத்தான்.

"வெளிய வைக்கலையா?" என்றாள் ஆர்டிஸ்.

"வெளிய வச்சா மரம் வெடிச்சிடும். இது அந்த மாதிரி மட்டமான சாமான் இல்ல."

அவளுக்கு இருமல் வந்தது. அவன் அதைக் கம்பளியில் சுற்றிய விதத்தைப் பார்த்து நானும் தடுக்காமல் விட்டுவிட்டேன்.

காலையில் ஆற்றோர வில்லோ புதருக்கு நடுவே ஆண் மூஸ் ஒன்று நின்றது. கல்லெறி தூரம்தான். ஆர்டிஸ் முட்டி போட்டு, மூச்சை அடக்கி, விசையை இழுத்தாள். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். வேறொரு தோட்டாவை ஏற்றி மறுபடி இழுத்தாள். மறுபடியும் டிக். வேறு துப்பாக்கி நாங்கள் கொண்டு போகவில்லை. மூஸ் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் புதருக்குள் போய்விட்டது. வெர்லின் துப்பாக்கியை வாங்கிக் கோட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு நின்றான். உள்ளே உறைந்திருந்த ஈரம் இளகியபோது சுட எதுவும் இல்லை. இருட்டும்வரை காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை.

திரும்பும்போது வண்டியில், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள் ஆர்டிஸ்.

"ஆமா, பாத்துக்கலாம்," என்றான் வெர்லின். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச்சில் அவள் போய்விட்டாள். ஏப்ரலில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது வெர்லின் சமையலறையில் உட்கார்ந்து, அவள் பேரில் குலுக்கலுக்கு எழுதிக்கொண்டிருந்தான்.

"செத்தவளுக்கு எதுக்குடா அனுமதி?" என்று எரிந்து விழுந்தேன்.

அவன் நிமிரவில்லை. "கிடைச்சாலும் யாரும் போகப் போறதில்ல. அவகிட்ட பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன், நோரீன்."

ஜூனில் பதில் வந்தது. இல்லை என்றுதான்.