அளவு குறையாத பிரேக் எண்ணெய்

மூன்று வருடங்களுக்கு முன், பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கெந்திங் மலைக்குப் போய்விட்டு, மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கார் வாங்கி ஏழு வருடம் ஆகியும் பிரேக் எண்ணெயை ஒரு தடவைகூட மாற்றியதில்லை. கிள்ளானில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் இரண்டு முறை சொன்னார். "அளவு குறையவே இல்லையே அண்ணே, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டேன். அதில் ஒரு பெருமை வேறு.

இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே காலை வைத்து வந்தேன். பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தேன், இன்னும் ஆழமாகப் போனது. வேகம் மட்டும் குறையவில்லை. பின்னால் ஒரு பள்ளி வேன் விடாமல் ஹாரன் அடித்தது. எனக்கு எரிச்சல். அது பக்கத்தில் வந்ததும், ஓட்டி வந்த அக்கா கண்ணாடியை இறக்கி, "கியரை எல்-ல போடுமா! எல்-ல போடு!" என்று கத்தினார்.

ஆட்டோ கியரை 'எல்' என்ற குறைவேக நிலைக்கு இழுத்துப் போட்டேன். எஞ்சின் அலறியது, வேகம் தணிந்தது. கைப்பிரேக்கையும் மெல்ல இழுத்து, சாலையோரம் அகலமான இடத்தில் நிறுத்தினேன்.

வேன்கார அக்கா தண்ணீர் போத்தலோடு ஓடி வந்தார். என் காரின் பின்புற பிரேக் விளக்கு மலை உச்சியிலிருந்தே அணையாமல் எரிந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டாராம். எண்ணெய் மாற்றாத கதையைச் சொன்னேன்.

"அளவு குறையாதுலா. ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும். பிரேக் ரொம்ப சூடானா அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாயிடும், பெடல் அமுங்கிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடணும்" என்றார் அக்கா.

சற்று நேரத்தில் பெடல் மறுபடி கெட்டியானது. மெதுவாக ஓட்டிப் போய்விடுகிறேன் என்றேன். அக்கா சம்மதிக்கவில்லை. இழுவை லோரி வந்து காரை ஏற்றும்வரை கூடவே நின்றார். மாணவர்களை மலை மேல் நடந்த விடுமுறை முகாமில் இறக்கிவிட்டு வந்த வேன் காலியாகத்தான் இருந்தது. சுங்கை வே-யில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகாமல், முதலில் எங்களைக் கொண்டுவந்து விட்டார். நண்டுக் குழம்புக்குத் தேங்காய்ப் பால் ஊற்றலாமா கூடாதா என்று அவரும் மாமியாரும் வழியெல்லாம் வாதாட, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

திங்கட்கிழமை மெக்கானிக் வடித்தெடுத்த பழைய எண்ணெய் பால் சேர்க்காத கோப்பி ஓ போலக் கறுத்திருந்தது. அவர் அதைப் புது எண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதுதான் என்னை அதிகம் சுட்டது.

போன வருடம் யாரும் சொல்லாமலே நானாகப் போய் மாற்றினேன். நல்லதுக்கு ஒருவர் சொல்வதை மறுத்துப் பேசுவதற்கு முன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்த மலை இறக்கத்தில்தான்.