கதியால் நிழல்

மார்கழிப் புயல் எங்கள் கடற்கரை வீதி மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. கூரை போனவர்கள் கூரையைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்கோ வீட்டுக்கு எதிரே நின்ற வாகை போனதுதான் பெரிய துக்கம். பாரிசவாதம் வந்து துறைமுகக் கந்தோர் வேலையை விட்ட என் கணவர், பகல் முழுக்க அதன் கீழ் கதிரை போட்டுக் கப்பல் பார்த்துக்கொண்டிருப்பார். மரம் போன பிறகு உள்ளே வந்து சுவரைப் பார்த்தபடி இருந்துவிட்டார். பேச்சும் குறைந்துபோனது.

தையிலே வீதிச் சனம் சேர்ந்து ஞாயிறுதோறும் சிரமதானம் தொடங்கியது. வீட்டுக்கு ஒரு வேப்பங்கன்று. மேலே கோட்டைக்குள் திரிகிற மான்கள் விடியலில் இறங்கி வந்து பச்சையைக் கண்டால் விடா என்பதால், ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஆளுயரத்துக்கு மேலாக நான்கு கதியால் நட்டோம். எங்கள் பக்கம் வேலிக்கு நடுகிற பச்சைத் தடிக்குக் கதியால் என்று பெயர். பக்கத்து ஒழுங்கை மீன் வியாபாரி, வீதியே நானா என்று கூப்பிடுகிறவர், கிண்ணியாவிலிருந்து வள்ளத்தில் ஏற்றிவந்த பூவரசந்தடிகள் அவை.

அந்த ஞாயிறுகள் இப்போது நினைத்தாலும் தூக்கத்துக்குள் நடந்தவை போலவே இருக்கின்றன. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும். பனிப்புகாருக்குள் கப்பல் ஒன்று ஊதும், கப்பல் தெரியாது. வாளிகளோடு நாங்கள் வரிசையாகப் போவதை மான்கள் தள்ளி நின்று பார்க்கும். யாரும் உரத்துக் கதைப்பதில்லை. கொதித்த தேத்தண்ணியின் வாசம் வீதி முழுக்க மிதந்து வரும்.

எனக்குத்தான் அமைதி இல்லை. கதியால்கள் தளிர்க்கத் தொடங்கியிருந்தன. கன்றுக்கு ஊற்றுகிற தண்ணீரை இவை குடிக்கின்றன, வெயிலையும் மறைக்கின்றன என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நுனியில் கொக்கி கட்டிய கொக்கத்தடியோடு போய் ஞாயிறுதோறும் தளிர்களை ஒடித்துப் போட்டேன்.

"உடுங்க டீச்சர், அதுவும் உசிருதானே," என்றார் நானா.

"வேலியே பயிரை மேயுது எண்டு சும்மாவா சொன்னவை? நீங்கள் வேலியை வளத்துக்கொள்ளுங்கோ நானா, நான் மரத்தை வளக்கிறன்."

ஒரு வருடம் ஒடித்தேன். கன்று என் இடுப்புயரம் வந்தது. என் கணவரிடம் போய், "இன்னும் கொஞ்ச நாள்தான், உங்கட கதிரையை வெளியில போடலாம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒரு விடியற்காலை, கதியால் இடைவெளிக்குள் ஒரு மான் கழுத்தை நீட்டிக் கன்றை அடியோடு கடித்துவிட்டுப் போயிருந்தது. வீதியில் நின்று அழுதேன். மானைத் திட்டினேன், நானாவின் தடிகளையும் திட்டினேன். இனி இந்த வீதிக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றமாட்டேன் என்று கத்திவிட்டு வந்தேன். என் கோபம் ஊர் அறிந்த கோபம். அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்குக்கூடப் பின் ஒழுங்கையால்தான் போனேன். வீதிப் பக்கத்து யன்னலைத் திறக்கவே இல்லை.

மாரி இரண்டு வந்து போயின. ஒரு ஞாயிறு நானா வாசலில் வந்து நின்றார்.

"ஐயாட கதிரைய எடுத்துப் போக வந்தன், டீச்சர்."

நான் மறுமொழி சொல்லுமுன் அவர் கதிரையைத் தூக்கிவிட்டார். இரண்டு பேர் என் கணவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். சண்டை பிடிக்கத்தான் பின்னால் போனேன்.

நான்கு கதியால்களும் தடித்து, தலை கூடி, ஒரு பாய் விரிக்கிற அளவு நிழல் விழுத்தி நின்றன. மஞ்சள் பூக்கள் கிடந்தன. கன்று இல்லாத அந்த இடத்துக்கும் நானா தன் மிச்சத் தண்ணீரை ஊற்றிவந்திருக்கிறார். தளிர் ஒடிக்க ஆள் வராதது மட்டுமே அவற்றுக்கு வேண்டியிருந்தது.

என் கணவர் அங்கே கதிரையில் இருந்தபடி வெகுநேரம் கடலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உம்மட கோவம் நல்ல கோவம். ஒரு வருஷம் முந்தியே கோவிச்சிருக்கலாம்."

நானா சிரித்தார். நானும் சிரித்தேன், வெட்கமாக இருந்தது.

கண்ணை மூடுமுன் அந்த நிழலில் அவருக்குக் கிடைத்தது ஒரு வருடம்தான். கொக்கத்தடியால் நான் ஒடித்துப் போட்டதும் ஒரு வருடம்.