குவார்ட்ஸ் குழாய்க்குச் சந்தனம்

ஆயுத பூசை என்றாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாமி மேல் கோபமில்லை. என் பேராசிரியர் மேல்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வு மாணவியாக இருந்தேன். ஆவடியிலிருந்து ஸ்கூட்டியில் லாரிப் புகையை வயிறு நிறையக் குடித்துக்கொண்டு வருவேன். வந்த பிறகும் புகையோடுதான் மாரடிப்பு. கரியமில வாயுவை ஒரு குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, அதன் மேல் சுற்றிய எஃகு வலையில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், உள்ளே ஊதா நிறத்தில் பிளாஸ்மா ஒளிரும். அதில் வாயு உடைந்து கார்பன் மோனாக்சைடாகும். அதை வைத்து எரிபொருள் செய்யலாம். நாசமாய்ப்போன புகையை உருப்பட வைக்கிற வேலை.

கடைசிச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். எங்கள் கருவிக்கென்றே கண்ணாடி ஊதுகிறவரிடம் சொல்லிச் செய்து வாங்கிய குழாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நான் வெறுங்கையால் தொட்டதில்லை. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே அந்த இடம் கெட்டுவிடும்.

பூசையன்று உள்ளே நுழைந்தால், குழாய் முழுக்கச் சந்தனம், குங்குமம். வலையின் இடுக்கெல்லாம் ஈரமாகப் புகுந்திருந்தது. ஆய்வக உதவியாளர் கையில் தட்டோடு நின்றார்.

"இன்னா மேடம், இப்டி மொறைக்கிறீங்கோ? சாருதான் நல்லா அப்பு அப்புன்னாரு. காலேஜு ட்ரஸ்டி வந்துகினு கீறாராம்."

நான் வலையைக் கழற்றப் போனேன். பேராசிரியர் குறுக்கே வந்தார்.

"சாமிக்கு வெச்சதைத் தொடைக்காதம்மா. அபசகுனம்."

"ஈரம் சார். ஆன் பண்ணா குழாய் போயிடும்."

"வருஷா வருஷம் பொட்டு வெக்கிறோம். லேத்து போச்சா?"

"லேத்து இரும்பு சார். இது கண்ணாடி."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அதற்குள் ட்ரஸ்டி வந்துவிட்டார். சுவிட்சைப் போட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டேன். பேராசிரியர் என்னைத் தாண்டி எட்டி அவரே போட்டார். ஊதா ஒளி ஒரு கணம் பரவியது. பிறகு பெரிய பொட்டு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பொறி. பட்டென்று குழாய் நீளவாக்கில் பிளந்தது. நான் பாய்ந்து வாயுவை மூடினேன்.

"பிரமாதம்!" என்று ட்ரஸ்டி கைதட்டினார். என் பேராசிரியரும் சேர்ந்து தட்டினார், படுபாவி.

அடுத்த துறைக் கூட்டத்தில், "மாணவி கவனக்குறைவு" என்று எல்லார் முன்னாலும் பழியை என் தலையில் கட்டினார். பூந்தமல்லி வரை ஹெல்மெட்டுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். புதுக் குழாய் கைக்கு வர அடுத்த ஆயுத பூசையே வந்துவிட்டது.

இந்த முறை குழாயைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. சந்தனக் கிண்ணத்தை நானே வாங்கிக்கொண்டேன். மேசைமேல் பேராசிரியரின் புது லேப்டாப் திறந்திருந்தது.

"எல்லாத்துக்கும் வைம்மா," என்றார், பூ கட்டுவதை மேற்பார்த்தபடி.

மூன்று விரலால் குழைத்து, கீபோர்டு நெடுக நன்றாக அப்பினேன்.

"ஐயையோ! ஈரம் உள்ள போயிடும்ல!" துண்டைத் தேடி ஓடிவந்தார்.

நான் குறுக்கே நின்றேன்.

"தொடைக்காதீங்க சார், அபசகுனம். ஆன் பண்ணுங்க."