பச்சைக் குறி வாங்கிய படம்

ஆயத்த ஆடை ஆலையில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்ப்பது அவருக்கு வேலை. தொங்குகிற நூலைத் தேடித்தேடி வெட்டுவதால் ஆலையிலும், அவர் போகும் தேவாலயச் சபையிலும் அவருக்குக் ‘கத்தரி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அதே கண்ணோடுதான் சினிமாவும் பார்ப்பார். புதுப் படம் வந்த முதல் நாளே நோட்டும் பேனாவுமாகப் போய் உட்காருவார். சிகரெட், குடி, கெட்ட வார்த்தை, அரைகுறை உடை என்று நான்கு கட்டங்கள். கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு கோடு. கோடுகள் பத்தைத் தாண்டினால் சபையின் அறிவிப்புப் பலகையில் படத்தின் பெயருக்கு எதிரே சிவப்புப் பெருக்கல் குறி. இல்லையென்றால் பச்சைக் குறி.

“விசிலடிச்சா எந்தக் கட்டம், கத்தரி சார்?” என்று பாடகர் குழு சீண்டும்.

“உங்க பாட்டுக்குன்னு தனிக் கட்டமே வெச்சிருக்கேன், போங்க” என்பார்.

அந்த வாரம் வந்த ஒரு படத்துக்கு நான்கு கட்டமும் காலி. போதாததற்கு, கதாநாயகன் சண்டைக்குக் கிளம்புமுன் சிலுவை முன்னால் மண்டியிடுகிறான். கத்தரிக்குக் கால் தரையில் படவில்லை. பச்சைக் குறி போட்ட கையோடு தங்கச்சி வீட்டுக்குப் போனார்.

தங்கச்சியின் கணவர் ஒரு கிடங்கில் காவலாளியாக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் திருட வந்தவர்கள் வாசலிலேயே அவரைக் குத்திக் கொன்று போட்டார்கள். அன்றிலிருந்து அவள் நாலு பேர் நடுவில் சிரித்ததில்லை. எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று அண்ணனுக்கு ஒரே தவிப்பு.

“வேணாம்ணா. படமெல்லாம் எனக்கு ஒத்துவராது.”

“நான் பார்த்துட்டேன்மா. ஒரு கறை கிடையாது. என்னை நம்பி வா.”

“சரி, உன்னை நம்பித்தான் வரேன்.”

மதியக் காட்சி. இரண்டு வரிசை நிறையச் சபையார். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் வில்லன் வீட்டு வாசலுக்கு வந்தான். காவலாளி ஒருவன் வாயில் சோற்றோடு, டப்பாவை மூடிக்கொண்டே எழுந்தான். ஒரே வெட்டு. டப்பா படிகளில் உருண்டது. “மிச்சத்தை நாளைக்குச் சாப்பிடு” என்றான் கதாநாயகன்.

அரங்கமே குலுங்கியது. கத்தரி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இரண்டாம் முறை பார்க்கிறவர் இல்லையா, வசனம் வருமுன்பே சிரித்துவிட்டார். சிரித்தபடியே தங்கச்சி பக்கம் திரும்பினார்.

அவள் கைக்குட்டையை வாயில் அடைத்திருந்தாள்.

அவள் எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே ஓடினார்.

“நோட்டைக் காட்டுண்ணா.”

நீட்டினார். நான்கு கட்டங்களையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதுல அவருக்கு எந்தக் கட்டம்?”

முதல் நாளும் கத்தரி அதே காட்சிக்குத்தான் சிரித்திருந்தார். நூல் பிசிறைக்கூட விடாத கண்ணுக்கு எதிரே ஒரு மனிதன் செத்துக் கிடந்திருக்கிறான்.

“இனி நீ கூப்பிட்டா எங்கயும் வரமாட்டேன்.” தனியாகப் பஸ் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முதல் ஆளாக வந்து பச்சைக் குறியை அழித்தார். சாக்பீஸால் எழுதினார்: ‘இந்தப் படத்தில் ஒரு காவலாளி சாகிறார். நான் சிரித்தேன், இரண்டு முறை.’

போதகர் படித்துவிட்டுத் திகைத்தார். “என்னப்பா இது, விமர்சனமா, பாவ அறிக்கையா?”

“தெரியலைங்கையா. அழிக்க மட்டும் சொல்லாதீங்க.”

ஆராதனை தொடங்கும் நேரத்தில் தங்கச்சி வந்தாள். பலகை முன்னால் நின்றாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“சாப்பிட்டுட்டு இருந்தார்ணா” என்றாள். “அதையும் எழுது.”